விலாங்கும் ஆரலும் ஆப்பிரிக்க மீனும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் இக்காலத்து நம் நகரங்களிற் பெரிதும் பரவியுள்ளது. சென்னையைச் சார்ந்த கொளத்தூரில் வண்ண மீன் வாணிகம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்து பல குடும்பங்களுக்குச் சோறளிக்கின்றது. புதுச்சேரியிலும் இவ்விருப்பம் சிறிதன்று. இங்ஙனம் மீன் வளர்ப்போர் பலரும் வினவும் வினா ஒன்றுண்டு. நன்னீரில் வாழும் விலாங்கை ஆப்பிரிக்க ஏரிகளின் வண்ண மீன்களோடு ஒரே தொட்டியில் வைத்தல் கூடுமோ என்பதே அது. வினா சிறிது, ஆயினும் விடை கூறப் புகுவார்க்கு உயிர்நூலும், நீரின் இயல்பும், ஒருவாற்றாற் சொல்லாராய்ச்சியும் வேண்டியிருத்தலின், தமிழ் பயிலும் யாம் இதனை எடுத்துக்கொண்டோம். உயிர்நூல் பயிலும் நண்பர்கள் எம் துணிவைப் பொறுப்பாராக.

முதற்கண் பெயரை நோக்குவோம். ஆங்கிலத்தில் ‘ஈல்’ என்னுஞ் சொல் பாம்புபோல் நீண்ட உடலுடைய மீன் எதற்கும் இடப்படுவது. கடற்பாறை முழைகளில் வாழும் அஞ்சாலையும் ஈல். ஆற்றில் வளர்ந்து கடலில் முட்டையிடும் விலாங்கும் ஈல். வாய்க்கால் மணலுட் புதைந்து கிடக்கும் ஆரல் ‘முள் ஈல்’. தென்னமெரிக்க ஆறுகளில் மின்னாற்றலால் இரையை வீழ்த்தும் மீன் ‘மின் ஈல்’. இவற்றுள் அஞ்சாலையும் விலாங்குமே உயிர்நூலார் ஒரு வரிசையில் வைக்கும் உண்மை உறவினர். ஆரல் முற்றிலும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது. மின்மீனோ கெளிற்றினத்திற்கு அணித்தான உறவுடையது. உருவம் ஒன்றாதலால் பெயர் ஒன்றாயிற்றேயன்றிப் பிறப்பு ஒன்றன்று.

தமிழரோ இவற்றுக்கு வெவ்வேறு பெயரிட்டு வழங்கினர். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நம் மக்கள் பழிப்பது விலாங்கையே. ஆரலை அவ்வாறு பழிப்பாரில்லை. கடைகளில் ஆங்கிலப் பெயர்ப்பட்டியைப் பார்த்து ‘ஈல்’ என்பன அனைத்தையும் ‘விலாங்கு’ எனத் தமிழ்ப்படுத்தும்போதே மயக்கம் பிறக்கின்றது. முன்னோர் பிரித்து வைத்ததை யாம் அயன்மொழி வாயிலாக மீண்டும் ஒன்றாக்கிக்கொள்கின்றோம். இம்மயக்கத்தால் வரும் துன்பம் சொல்லளவில் நில்லாமல் ஓர் உயிரின் மேற் சென்று முடிதலின், இதனைச் சிறிது விரித்தல் வேண்டும்.

ஆரல் சங்கச் செய்யுட்களிற் பயின்று வரும் மீன். (ஆரல் என்னும் சொல்லுக்குக் கார்த்திகை மீன்கூட்டம் என்னும் பொருளும் உண்டு; அது வானத்து மீன், ஈண்டு வேண்டுவதில்லை.) குறுந்தொகையின் 25ஆம் செய்யுளைத் தமிழ் மாணவர் எவரும் அறிவர். களவில் தன்னைக் கூடிய தலைவன் சொல் பிறழ்வானாயின் யாது செய்வேன் என வருந்துகின்றாள் தலைவி. அன்று அருகிருந்த சான்று ஒரு குருகே. அக்குருகும் ஓடுநீரில் ஆரலின் வரவை நோக்கியிருந்தது என்று கபிலர் அமைத்துள்ளார். இரை தேடும் பறவைக்கு இவர்தம் மணத்தைக் கவனிக்கப் பொழுதேது என்பது கருத்து. ஆனால், குருகு வேறு எம்மீனையேனும் நோக்கியிருந்ததாகக் கூறின் இப்பொருள் இத்துணை வன்மை பெறாது என்பது எம் எண்ணம். கெண்டை நீரின் மேற்புறத்தே பிறழ்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆரலோ மணலுட் புதைந்து மூக்கின் நுனியை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். அதனைப் பிடிக்க விரும்பும் பறவை கண்ணை வேறெங்கும் திருப்பலாகாது. ஆரலின் இயல்பறிந்த புலவரே அம்மீனைத் தேர்ந்தமைத்தார் என்க.

இச்சொல் உலக உயிர்நூலிற் புகுந்த வரலாறு நம்போன்ற மிஷன் கல்லூரியார் அறியற்பாலது. தரங்கம்பாடியில் ஊழியஞ்செய்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் ஐயர் 1771இல் இந்நாட்டிற்கு வந்து, 1813இல் இங்கேயே மண்ணிற் சேர்ந்தவர். பள்ளிகளை நடத்தியதோடு அமையாது இக்கடற்கரையின் மீன்களையும் பிற உயிர்களையும் சேர்த்துப் பெர்லின் நகரத்து மருத்துவரும் மீனூலாருமான ப்ளாக் என்பவர்க்கு அனுப்பினார். நம் கடல்மீன் ஒன்றும் மண்ணுளிப் பாம்பு ஒன்றும் இன்றும் அறிவியலில் ஜானின் பெயரைத் தாங்கியுள்ளன. ப்ளாக் 1799இல் இறந்தபின் அவர்தம் நூலை ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்டார். அந்நூலிலேதான் தரங்கம்பாடி மீன் ஒன்றுக்கு ‘ஆரல்’ என்ற தமிழ்ப்பெயரே அறிவியற்பெயராக இடப்பட்டது. இன்று அதனை மாக்ரோநாதஸ் ஆரல் என வழங்குவர். இலத்தீன் உடையுடுத்த தமிழ்ச்சொல் அது. அதன் உறவினமாகிய கல்லாரலுக்கு ஆர்மேட்டஸ், அஃதாவது படைக்கலந் தாங்கியது, எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத், ஆண்டு 1800. புதுச்சேரிக்கும் இத்துறையிற் பங்குண்டு. 1816இல் இங்கு வந்த லெஷெனோ என்பவர் சேர்த்தனுப்பிய மீன்கள் பாரிஸ் சேர்ந்தன. குவியே, வாலான்சியேன் ஆகிய இருவரும் 1828 முதல் வெளியிட்ட மீன்பெருநூலில் புதுச்சேரியின் பெயர் பலகாலும் வருவது அவராலே.

நிற்க. உண்மை விலாங்கைத் தொட்டியில் வைக்கலாமோ என்பதை முதலில் தீர்ப்போம். கூடாது என்பதே விடை. நம் ஆறுகளில் இருவகை விலாங்குகள் உள்ளன. இரண்டும் ஒரு மீட்டருக்கு மேல் வளரவல்லன. இவை பிறப்பது ஆழ்கடலில். இலைபோல் தட்டையாய், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலோடு கடலோட்டத்தில் மிதந்து வந்து, கரையை நெருங்கும்போது உருண்ட உடல் பெற்று, ஆற்றில் ஏறிப் பல்லாண்டு வளர்ந்து, முதிர்ந்தபின் மீண்டும் கடலுக்கே சென்று ஒருமுறை முட்டையிட்டு மடிவன. இவற்றின் பிறப்பு நெடுங்காலம் எவர்க்கும் புலப்படாதிருந்தது. சேற்றினின்று தாமே தோன்றுவன என்றார் அரிஸ்டாட்டில். பின்னாளில் உளநூலாற் புகழ்பெற்ற ஃபிராய்டு 1876இல் மாணவராயிருந்தபோது திரியெஸ்த் நகரில் நூற்றுக்கணக்கான விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடினார். ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக் மாகடலின் சர்காசோப் பகுதியிற் பிறக்கின்றது என்பதை டென்மார்க்கு நாட்டு ஷ்மிட் 1922இல் அறிவித்தார். தொட்டியில் விலாங்கு இனம் பெருக்காது. ஜப்பானிய அறிஞர் 2010இல் ஆய்வுக்கூடத்தில் ஒரு தலைமுறைச் சுழலை நிறைவேற்றியதே அரும்பெருஞ் செயலாகப் போற்றப்பட்டது. ஆதலின், வீட்டுத்தொட்டியில் உள்ள விலாங்கு ஒவ்வொன்றும் ஆற்றினின்று பறிக்கப்பட்டு, கடல்செல்லும் வழியடைக்கப்பட்ட ஒன்றேயாம். முதிர்ந்தபின் மழைக்காலத்து இருளிரவில் அது மூடியை முட்டும். இடைவெளி கிடைப்பின் வெளியேறும். ஈரத்தரையில் ஊர்ந்து செல்லவும் வல்லது. இதற்குமேல் இதனைப்பற்றிக் கூற வேண்டுவதில்லை.

இனி, கடைகளில் ‘விலாங்கு’ என விற்கப்படுவது பெரும்பாலும் ஆரலே. முதுகில் வரிசையாகத் தனித்தனி முட்கள் நிற்கும். கையால் இறுகப் பற்றின் குத்தும். மூக்கு நீண்டு, சிறு துதிக்கைபோல் நுனியில் இரு குழல்களோடு இயங்கும். கண் சிறிது, மோப்பமே அதற்குக் கண். பகலில் மணலிற் புதைந்து, இரவில் வெளிப்பட்டுப் புழு, பூச்சிக் குடம்பிகள், சிற்றிறால், சிறுமீன் ஆகியவற்றைத் தேடி உண்ணும். அளவில் இவை பலதிறத்தன. நம் வாய்க்கால்களிற் காணும் சிற்றாரல் ஒருசாண் அளவோடு நிற்கும். கல்லாரலோ முக்கால் மீட்டருக்கு மேலும் வளரும். கடையில் இரண்டும் விரல்நீளக் குஞ்சாய் ஒரேபோல் தோன்றுதலின் வாங்குவோர் ஏமாறுதல் இயல்பு.

ஆப்பிரிக்க மீன் என்பதும் ஒரு பொருள் குறித்த சொல்லன்று. சிக்லிட் எனப்படும் அக்குடும்பத்தார் கிழக்காப்பிரிக்கப் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகளில் நூற்றுக்கணக்கான இனங்களாய்ப் பெருகியுள்ளனர். மலாவி ஏரியொன்றிலேயே 500க்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுட் பெரும்பான்மை உலகில் வேறெங்கும் இல்லை. தாங்கனிக்கா ஏரி 1,470 மீட்டர் ஆழமுடையது. அங்குச் சற்றொப்ப 250 இனங்கள் உள. நியாசா எனப்பட்ட மலாவி ஏரியை 1859இல் லிவிங்ஸ்டன் அடைந்தார்; உடன்சென்ற கிர்க் சேர்த்த மீன்கள் இலண்டன் சேர்ந்து ஆராயப்பட்டன. அவ்வேரி மீன் ஒன்று லிவிங்ஸ்டனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அது மணல்மீது சாய்ந்து இறந்ததுபோற் கிடந்து, பிணமென்று நெருங்கும் சிறுமீன்களைக் கவ்வும் கள்வன். அருளாளர் பெயர் அதற்கு வாய்த்தது விந்தையே. லிவிங்ஸ்டன் பிறந்ததும் தரங்கம்பாடி ஜான் ஐயர் இறந்ததும் 1813ஆம் ஆண்டு ஒன்றே என்பதைக் காலக்கணக்கில் விருப்பமுடையார் குறித்துக்கொள்க.

இக்குடும்பத்தைத் திருமறை வாயிலாகவும் யாம் அறிவோம். கலிலேயாக் கடலும் ஆப்பிரிக்கப் பிளவோடு தொடர்புடைய பள்ளத்தாக்கிலேயே உள்ளது. அங்கு வாழும் சிக்லிட் ஒன்றைப் பயணிகளுக்குப் ‘பேதுருவின் மீன்’ எனச் சமைத்தளிப்பர். மத்தேயு 17ஆம் அதிகாரத்து வெள்ளிப்பணம் தாங்கிய மீன் இதுவென்பது செவிவழிச் செய்தி. நுண்பாசி உண்ணும் இது தூண்டிலிற் சிக்குதல் அரிதாகலின் அது வேறு மீனாயிருத்தல் கூடுமென்பாரும் உளர். முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் இயல்பு இவற்றுட் பலவற்றுக்கு உண்டாதலால், வாயிற் காசு என்னும் எண்ணம் இதனோடு எளிதில் ஒட்டிக்கொண்டது போலும்.

மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் கூட்டத்தை ம்பூனா என்பர். ஏரிக்கரை மக்கள் மொழியிற் பாறைமீன் என்பது பொருள். பொன்மஞ்சளும் நீலமுமாய்க் கண்ணைக் கவர்வன இவையே. பாறைமீது படர்ந்த பாசியைச் சுரண்டி உண்பன. ஒவ்வோர் ஆணும் ஒரு பாறையிடுக்கைத் தனக்குரிய நாடாகக் கொண்டு, புகும் எதனையும் கடித்து விரட்டும். ஏரியிலாயின் தோற்றது ஓடிப் பிழைக்கும். நாலடித் தொட்டியில் ஓடுதற்கு எங்கே இடம்?

இவ்விருவரையும் ஒன்றாக வைத்ததன் விளைவை யாம் நேரிற் கண்டது கருவடிக்குப்பத்தில். புதுச்சேரி நகரின் வடபால் உள்ளது அவ்வூர். பெயரைக் கேட்டவுடன் கருவாடு நினைவுக்கு வரும். பெயர்க்காரணம் கூற யாம் புகவில்லை. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தபோது உலவிய குயில்தோப்பு இவ்வூரைச் சார்ந்தது என்பர். அங்கு வாழும் எம் தாய்மாமன், நீளம் நாலடி, அகலமும் உயரமும் ஒன்றரையடி உள்ள தொட்டி ஒன்றில் ம்பூனா மீன்கள் பன்னிரண்டை வளர்த்து வந்தார். ஒன்பது கன அடி நீர், ஏறக்குறைய 255 லிட்டர். அதில் ஒருசாண் நீளக் கல்லாரல் ஒன்றைக் கொணர்ந்து விட்டார். “மாமா, இது விலாங்கன்று, ஆரல்” என்றோம். “எப்பெயராயினும் மீன் மீன்தானே, தம்பி? கடையில் விலாங்கென்றே தந்தார்கள்” என்றார் அவர்.

முதல் மூன்று நாளும் அம்மீன் வடிகட்டிக் குழாயின் பின்னே நின்றது. அடியிற் பரப்பியிருந்தது கூர்மையான பவளப்பொடி. அதிற் புதைய முயன்று முயன்று வயிற்றுத்தோல் சிவந்தது. ஐந்தாம் நாள் வாலின் நுனியைக் காணோம். விளக்கெரியும் பொழுதில் இடும் உருண்டைத் தீனியை ம்பூனாக்கள் ஒரு நொடியில் முடித்துவிடும். ஆரல் வெளிப்படும் இருளில் ஒன்றும் எஞ்சாது. வயிறு ஒட்டிப்போயிற்று. ஒன்பதாம் நாள் விடியலில் எழுந்த மாமி, கூடத்துத் தரையில் அது கிடப்பதைக் கண்டு அலறினார். குழாய் செல்லும் சிறு துளை வழியாக இரவில் வெளிவந்திருந்தது. உடலின் வழுவழுப்பு பாதி உலர்ந்து தூசி ஒட்டியிருந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. குடத்து நீரிலிட்டு நெடுநேரம் காத்திருந்தபின் அது நிமிர்ந்தது. “வேண்டாம், ஏரியில் விட்டுவிடுங்கள், இந்தப் பாவம் நமக்கெதற்கு?” என்றார் மாமி. மாமாவோ மனமின்றி நின்றார். இக்கட்டுரைக்குரிய ஆராய்ச்சியெல்லாம் அன்று தொடங்கியதே.

நேர்ந்த துன்பத்துக்கு மீன்களின் பொல்லாமை காரணமன்று. ஒவ்வொன்றும் தன் இயல்பின்படியே நடந்தது. காரணங்களுள் நீரை முதலிற் கூறுவோம். மலாவி ஏரிநீர் காரத்தன்மையுடையது, பி.எச். எனப்படும் குறியெண் அங்கு ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை நிற்கும். தாங்கனிக்காவில் அது 9 அளவினது. நம் ஆரல் நடுநிலையான நீரிலும் சற்று இருபக்கம் சாய்ந்த நீரிலும் வாழ்வது. 8 வரை அது பொறுக்கும். ஆயின் ஆண்டு மற்றொன்று. மீன்களின் கழிவினின்று அம்மோனியா தோன்றும். அதில் ஒரு பகுதியே நஞ்சு. அப்பகுதியின் அளவு பி.எச். எண்ணோடு ஏறும். வெப்பம் 25 பாகையாயின், பி.எச். 7இல் நூற்றுக்கு ஒன்றிற்கும் குறைவு, 8இல் ஐந்திற்குச் சற்று மேல், 9இல் முப்பத்தாறு. ஒரே அழுக்கு, காரநீரில் பன்மடங்கு கொடிதாகின்றது. ஆதலின் இவ்வகைத் தொட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிற் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்த பின்னரே மீன் விடல் வேண்டும். புதுத்தொட்டியில் அன்றே மீன் விடுவது கொலையோடொக்கும்.

புதுச்சேரிக்குக் குடிநீர் நிலத்தடியினின்றே எடுக்கப்படுகின்றது. கடலணித்தாகலின் சிலவிடங்களில் உவர் ஏறியுள்ளது. ஒரு தெருக் கிணற்றுநீர் மறுதெருவினதை ஒவ்வாது. ஆதலின் பிறர் கூறும் அளவை நம்பாது, கடையில் விற்கும் சொட்டு மருந்தினால் பி.எச்., கடினத்தன்மை இரண்டையும் அவரவரே சோதித்தறிக. குழாய்நீராயின் குளோரின் நீங்க ஒருநாள் திறந்துவைத்தல் நன்று.

உணவு இரண்டாவது. ம்பூனாவின் குடல் நீண்டது, பாசிக்கு ஏற்றது. ஆரலுக்கு வேண்டிய மண்புழுவையும் இரத்தப்புழுவையும் அத்தொட்டியில் இடின், ம்பூனாவே முந்திக்கொண்டு மிகத் தின்னும். வயிறு வீங்கி இறக்கும் நோய்க்கு அவ்வுணவும் துணைசெய்யும் என்பர் நீண்டகாலம் வளர்த்தவர். ஆரலுக்கு ஊட்டினால் ம்பூனா நோயுறும்; ம்பூனாவுக்கு ஏற்ப இட்டால் ஆரல் பட்டினி கிடக்கும். இதனை நடுநின்று தீர்க்க வழியில்லை.

அடித்தளம் மூன்றாவது. நீரைக் கடினமாக்கும் பொருட்டுப் பவளப்பொடி இடுவது ம்பூனா வளர்ப்போர் வழக்கம். ஆரலின் செதில் மிக நுண்ணியது. அதன் தோலைக் காப்பது வழுவழுப்பே. கூர்ங்கற்கள் அதனைக் கிழிக்க, அவ்வழியே நோய் புகும். மருந்திடுவதும் எளிதன்று, பிற மீன்களுக்கு இடும் செம்பு மருந்தையும் பச்சைச்சாய மருந்தையும் ஆரல் தாங்காது. மேலும், நம் நாட்டுக் கடற்பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலிற் காக்கப்படுவது. ஆதலின் காரநீர் வேண்டுவோர் கழுவிய கிளிஞ்சலை வடிகட்டியுள் இட்டுப் பயன்கொள்க.

அங்ஙனமாயின் ஈலும் ஆப்பிரிக்க மீனும் எவ்விடத்தும் கூடி வாழாவோ எனில், வாழ்கின்றன. தாங்கனிக்கா ஏரியிலேயே பத்துக்கு மேற்பட்ட ஆரலினங்கள் சிக்லிட் மீன்களோடு வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றை மூர் என்னும் ஆராய்ச்சியாளர் பெயரால் 1898இல் பூலஞ்சே அறிவித்தார். அவை அந்நீருக்கும் அப்பாறைக்கும் பழகியவை. மலாவியிலும் ஓரினம் உண்டு. எனவே கேட்கப்பட்ட வினாவுக்குச் சரியான விடை இதுவாம்: தாங்கனிக்கா ஆரலை, அடக்கமான தாங்கனிக்கா சிக்லிட்டோடு, ஐந்தடிக்குக் குறையாத தொட்டியில், நுண்மணலும் பாறைக்குவையும் அமைத்து வளர்க்கலாம். அவை அரை மீட்டரளவு வளர்வன, நம்மூர்க் கடைகளிற் கிடைத்தல் மிக அரிது, விலையும் மிகுதி. அருமை கருதித் தேடி அலைவதினும் அண்மையில் உள்ளதை நோக்குவது அறிவுடைமை என்பது எம் கருத்து.

அண்மையில் உள்ளது யாது? சிக்லிட் குடும்பம் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் இயல்பாக வாழும் சிக்லிட் மூன்று உள. கேரளத்தார் கரிமீன் என உவந்துண்பது ஒன்று. பள்ளத்தி என்னும் மஞ்சள்நிறச் சிறுமீன் மற்றொன்று. கன்னட நாட்டு ஆறுகளில் வாழ்வது மூன்றாவது. முன்னைய இரண்டையும் ப்ளாக் 1790இலும் 1795இலும் அறிவித்தார். இவற்றுக்கு மிக நெருங்கிய உறவினர் மடகாஸ்கர்த் தீவில் வாழ்கின்றனர். பள்ளத்தி எட்டுச் சென்டிமீட்டரளவே வளர்வது; தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சு காக்கும் அன்புடையது; கரிமீனின் உடலில் ஒட்டும் பூச்சிகளைக் கொத்தித் தூய்மை செய்வதும் உண்டு. சிற்றாரல் ஒன்றிரண்டும் பள்ளத்தி ஆறேழும் மூன்றடித் தொட்டியில் வாழும். இருவரும் இந்நாட்டு வெப்பத்துக்கும் நீருக்கும் பிறந்தவர். சிறிது உவரேறிய நீராயினும் கலங்கார்.

தொட்டி அமைப்பதில் மூன்றே கூறுவோம். நன்கு கழுவிய நுண்மணல் நான்கு விரற்கிடை பரப்புக. மூடியில் குழாய்த்துளை உட்பட இடைவெளி எதனையும் பஞ்சுத்துண்டால் அடைக்க. ஆரலின் தலை நுழையுமிடத்து உடல் முழுதும் நுழையும். விளக்கணைத்து அரைமணி கழிந்தபின், நறுக்கிய மண்புழுவைக் கண்ணாடிக்குழல் வழியாக மணலருகே இடுக. முதலில் வாரம் ஒன்று தின்னாதிருப்பினும் அஞ்சற்க. எம் மாமன் வீட்டு ஆரல் தனித்தொட்டியில் நான்காம் இரவில் முதற்புழுவை ஏற்றது. மணலுள்ளிருந்து மூக்குக்குழல் இரண்டும் நீண்டு தேடிய காட்சியைக் காண மாமியே முதலில் வந்து நின்றார்.

புதுச்சேரியில் வளர்ப்போர் புயலையும் நினைத்தல் வேண்டும். 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயலுக்குப் பின் பலவிடங்களிற் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் கரைகடந்தபோது ஒருநாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. காற்றுக்குழாய் நின்ற தொட்டியில், நெருக்கமாக வாழும் ம்பூனாக்கள் சில மணியில் மூச்சுத்திணறும். ஆரல் மேற்காற்றையும் ஓரளவு பயன்கொள்ளவல்லதாகலின் சிறிது தாங்கும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுக்கருவி ஒன்றை மழைக்காலத்திற்கு முன் வாங்கிவைத்தல் நன்று. அஃதில்லையேல் குவளையால் நீரை மொண்டு உயர்த்தி ஊற்றுக. அந்நாட்களில் தீனி இடற்க.

மாமி கூறியபடி ஏரியில் விடுதல் தகுமோ என்பது ஒன்று எஞ்சியுள்ளது. இரக்கத்தால் எழுந்த சொல் அது. ஆயின் எவ்வேரியிற் பிடிபட்டது என்றறியாத ஆரல், தொட்டியில் ஏற்ற நோயோடு ஏரி சேரும். ஆப்பிரிக்க மீனை விடுவதோ அதனினும் தீது. அதற்குச் சான்று நம் சந்தையிலேயே உண்டு. மொசாம்பிக் நாட்டுத் திலாப்பியா 1952இல் மண்டபத்திற்குக் கொணரப்பட்டது. அதுவும் சிக்லிட்டே, வாயில் குஞ்சு காப்பதே. மலிவான உணவாகும் என்னும் நல்லெண்ணத்தால் வந்த அது இன்று தமிழ்நாடெங்கும் ஜிலேபிக் கெண்டை எனப் பெயர்பெற்று, ஏரி குளந்தோறும் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் கவர்ந்துள்ளது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 முதல் பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அத்தகைய நீர்நிலையில் இன்னுமோர் அயல்மீனை விடுதற்கு எவர்க்கும் உரிமையில்லை. வளர்க்கவியலாத மீனைக் கடைக்காரரிடமோ, ஏற்ற தொட்டியுடைய வேறொருவரிடமோ ஒப்படைத்தலே முறை. எம் மாமன் ம்பூனாக்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஆரலுக்கு மூன்றடித் தொட்டி ஒன்றைத் தற்காலிகமாக அமைத்துள்ளார். கல்லாரலாகலின் இரண்டாண்டில் அதற்கு அத்தொட்டி போதாது. ஆறடித் தொட்டிக்கு இடம் எங்கே என்று மாமியும் அவரும் இப்பொழுதே கூடத்தை அளந்து வருகின்றனர்.